ஆர்ட் தெரபியா, ஓவிய வகுப்பா, வீட்டு நோட்டா: சாப்பாட்டோடு போராடும் பிள்ளைக்கு எது பொருந்தும்?

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகள் பிளஸ் டூ. ஒன்றரை வருடமாகத் தட்டு முன்னால் உட்கார்ந்தாலே வீட்டில் சண்டை. சைக்கியாட்ரிஸ்ட்டைப் பார்த்து, அனோரெக்சியா (சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடம்பு ஆபத்தாக மெலியும் மனநோய்) என்று தெரிந்து, இப்போது எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் பெண் வாய் திறப்பதில்லை. கவுன்சலர் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதில்தான். "சின்ன வயசுல நல்லா வரைவா. ஆர்ட் தெரபி பாருங்கன்னு சொல்றாங்க. ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு பணம் கேக்குறாங்க. பக்கத்துத் தெருவுல டிராயிங் கிளாஸ் இருக்கு, அது போதாதா?" என்பது அவர் கேள்வி.

இதே கேள்வி வேறு வடிவங்களிலும் வந்திருக்கிறது. கல்லூரி விடுதியில் புலிமியாவோடு (அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, வாந்தி போன்ற வழிகளில் அதை வெளியேற்றத் துடிக்கும் நோய்) தனியாக மல்லுக்கட்டும் ஒரு பெண், "கலரிங் புக் வாங்கினால் போதுமா?" என்று கேட்டிருந்தார். என் தங்கை இப்படிச் சாப்பாட்டோடு போராடும் நோயிலிருந்து மீண்டு வர நான்கு வருடம் ஆனது. ஆர்ட் தெரபி என்பது வரைவதன் வழியே மனதில் இருப்பதை வெளிக்கொண்டுவரும் சிகிச்சை. அதைத் தனி அமர்வாகவோ குழுவாகவோ எடுக்கலாம்; ஓவிய வகுப்பும் வீட்டு நோட்டும் மற்ற இரண்டு வழிகள். இந்த நான்கு வழிகளில் மூன்றில் அவளோடு நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

## முதலில் ஒன்று

இந்த நான்கில் எதுவும் சாப்பாட்டுக்கும் டாக்டருக்கும் மாற்று இல்லை. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 ஆண்களுக்குச் சுமார் ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எந்த மனநோயும் இல்லாத அந்த மனிதர்கள் சிடுசிடுத்தார்கள், ஒதுங்கிப் போனார்கள், எதிலும் பிடிப்பில்லாமல் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தவர்களும் உண்டு. பட்டினி கிடக்கும் மூளை அப்படித்தான் இயங்கும். வயிறு காய்ந்திருக்கும்போது எவ்வளவு நல்ல ஓவியச் சிகிச்சையும் மேலோட்டமாகத்தான் நிற்கும்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மாதவிடாய் நின்றுபோவது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் கலர் பென்சில் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கும் இசிஜிக்கும் போங்கள். தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடம் மாறலாம். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

வளரிளம் பருவத்தினரின் அனோரெக்சியாவுக்கு இன்று வலுவான ஆய்வு ஆதாரம் இருப்பது, பெற்றோரே முன்னின்று ஊட்டத்தை மீட்டுக் கொடுக்கும் குடும்பவழிச் சிகிச்சைக்குத்தான். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறை அது. புலிமியாவுக்கு, சிந்தனையையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் சிபிடி. ஆர்ட் தெரபிக்கு இருப்பவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். ஆகவே அதைப் பக்கத்துணையாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆர்ட் தெரபி" என்ற பெயரை 1942இல் வைத்த பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய் சானடோரியத்தில் நோயாளியாக இருந்தபோதுதான் வரைவதன் பலனைக் கண்டுகொண்டார். வைத்தியத்தை நிறுத்திவிட்டு அவர் வரையவில்லை. வைத்தியம் நடக்கும்போதே கூடவே வரைந்தார்.

## எதை வைத்து எடை போடுவது?

கட்டணத்தை மட்டும் பார்த்தால் முடிவு தப்பாகும். நான் பார்ப்பவை இவை.

வரைந்ததை யார் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள்? எல்லாவற்றிலும் பெரியது இதுதான். இந்த நோயில் பலருக்குத் தன் உணர்வுக்குப் பெயர் சொல்லவே வராது. கோபமா, பயமா, சோகமா என்று கேட்டால் நிஜமாகவே தெரியாது. "ஒண்ணுமில்ல" என்பது பல நேரம் பிடிவாதம் இல்லை; சொல் கிடைக்காத நிலை. காகிதத்தில் அது முதலில் வரும். வந்த பிறகு அதை யாரோ கையில் வாங்க வேண்டும்.

மார்க், பரிசு, ஒப்பீடு இருக்கிறதா? பூரணமாக இருக்க வேண்டும் என்ற வெறி இந்த நோயின் வேர்களில் ஒன்று. அதற்கு இன்னொரு மேடை போட்டுக் கொடுக்கக் கூடாது.

சாப்பாட்டு நேரத்தைத் தின்கிறதா? இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை.

உடம்பைப் பற்றிப் பேச்சு வருமா? "மெலிஞ்சிட்டே", "இப்போ கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" இரண்டுமே ஆபத்து.

தமிழில் பேச முடியுமா? 1990களில் ஹாங்காங் மனநல மருத்துவர் சிங் லீ எழுதியது இங்கே உதவும். அவர் பார்த்த அனோரெக்சியா நோயாளிகளில் பலர் குண்டாகிவிடுவோம் என்று பயப்படவே இல்லை. வயிறு உப்பியிருக்கிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். நம் பிள்ளைகளிடமும் "வயிறு திம்முனு இருக்கு", "நெஞ்சுலயே நிக்குது" என்ற பேச்சைக் கேட்கலாம். அதை அதே சொல்லில் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர் வேண்டும்.

குறைந்தது ஆறு மாதம் தொடர முடியுமா? நடுவில் விடுவதைவிடச் சிறிதாகத் தொடங்குவது மேல்.

| | தனி அமர்வு | குழு | ஓவிய வகுப்பு | வீட்டு நோட்டு |
|---|---|---|---|---|
| வெளிவருவதைத் தாங்க ஆள் | உண்டு | உண்டு, ஆனால் கவனம் பங்கு போகும் | இல்லை | இல்லை |
| ஒப்பீடு | மிகக் குறைவு | உடம்பு ஒப்பீடு வரலாம் | திறமை ஒப்பீடு அதிகம் | தன்னோடு தானே |
| பணம் | அதிகம் | நடுத்தரம் அல்லது இலவசம் | குறைவு | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | பயணம், தவறும் வேளைச் சாப்பாடு | அடுத்தவர் பழக்கம் ஒட்டுவது | போட்டி, பாராட்டு போதை | தனிமை, வீட்டார் எட்டிப் பார்ப்பது |
| பொருத்தமான கட்டம் | உடல் நிலைப்பட்டு, பேச்சு வராத கட்டம் | தனிமை பெரிய பாரமாக இருக்கும் கட்டம் | நன்றாகத் தேறிய பிறகு | எப்போதும், ஆனால் கூடவே |

## தனி அமர்வு: பயிற்சி பெற்ற ஆர்ட் தெரபிஸ்ட்டிடம்

என் தங்கையின் முதல் அமர்வு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசையில் சார்ட் பேப்பர், ஆயில் பேஸ்டல், வாட்டர் கலர், களிமண், எல்லாம் இருந்தன. அவள் எடுத்தது எச்பி பென்சிலும் ஸ்கேலும். அவ்வளவு பெரிய காகிதத்தின் வலது கீழ் மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வீடு வரைந்தாள். கதவு இல்லை. பிறகு அதையும் அழித்தாள். தெரபிஸ்ட் அதற்கு எந்த அர்த்தமும் சொல்லவில்லை. "இந்த வீட்டுக்கு இவ்வளவு இடம் போதுமா, இல்ல பக்கத்துல ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார். தங்கை பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "பக்கத்துல யாரும் வரக்கூடாது" என்றாள். மூன்று மாத கவுன்சலிங்கில் வராத ஒரு வாக்கியம் அது.

பயிற்சி என்பது இங்கேதான் தெரிகிறது. பென்சில், ஸ்கேல் போன்றவை கைக்குக் கட்டுப்படும் பொருட்கள். வாட்டர் கலரும் களிமண்ணும் ஓடும், வழியும், கையில் ஒட்டும். கட்டுப்பாட்டை இழக்கப் பயப்படும் ஒருவரிடம் முதல் நாளே களிமண்ணைக் கொடுத்தால் அவர் எழுந்து போய்விடுவார். எப்போது பென்சிலிலிருந்து பேஸ்டலுக்கு, பேஸ்டலிலிருந்து வண்ணத்துக்கு நகர்த்துவது என்பது ஒரு தனி அறிவு. அவள் களிமண்ணைத் தொட ஐந்து மாதம் ஆனது. தொட்ட அன்று கையைக் கழுவ எழுந்து ஓடவில்லை. காய்ந்து விரலில் வெடிப்பு விடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பின் வெளிக்கோட்டைப் பெரிய தாளில் வரைந்து, அதைத் தான் மனதில் நினைத்த அளவோடு ஒப்பிடும் பயிற்சி ஒன்று உண்டு. இணையத்தில் பார்த்துவிட்டு வீட்டில் செய்துவிடாதீர்கள். சரியான கட்டத்தில், சரியான ஆள் பக்கத்தில் இருந்து செய்தால் அது கண்ணைத் திறக்கும். முன்கூட்டியே செய்தால் ஒரு வாரச் சாப்பாட்டைக் கெடுக்கும்.

இனி செலவு. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வாரம் ஒரு முறை போனோம். அமர்வுக்கு 1500 ரூபாய். இரண்டு பேர் போய்வரும் செலவு தனி, என் அரைநாள் சம்பளம் தனி. ஆனால் எங்களை உண்மையில் அடித்தது வேறு. அமர்வு பன்னிரண்டரைக்கு. முடிந்து வெளியே வந்து, பஸ் பிடித்து, வீடு சேர மாலை ஆகிவிடும். மதியச் சாப்பாடு வாராவாரம் "வழியில பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போனது. சாப்பாட்டைத் தள்ளிப்போட ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கும் நோய்க்கு நாங்களே காரணம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். டயட்டீஷியன் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அமர்வைப் பத்து மணிக்கு மாற்றினோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் டப்பாவில் கட்டிக்கொண்டு, தெரபி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

ஆன்லைன் அமர்வு இந்தப் பயணத்தை மிச்சப்படுத்தும். சிறு ஊரில் இருப்பவர்களுக்கும், தமிழ் பேசும் தெரபிஸ்ட் பக்கத்தில் கிடைக்காத வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் அதுவே வழி. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். வீடியோ திரையில் தன் முகமே ஒரு மணி நேரம் எதிரில் தெரிந்துகொண்டிருக்கும். அதை மறைத்துவிடும் வசதி பல ஆப்புகளில் உண்டு, முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். அடுத்து, திரை வழியே எடையும் பிபியும் தெரியாது. உள்ளூர் டாக்டர் ஒருவர் அதைப் பார்த்து தெரபிஸ்ட்டுக்குச் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளவே சட்டப்படி பதிவு வேண்டும். நம் ஊரில் பலகையை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு நாள் பட்டறை முடித்தவரும், இரண்டு வருட முதுகலைப் படிப்பும் நோயாளிகளோடு மேற்பார்வைப் பயிற்சியும் முடித்தவரும் ஒரே பெயரில் இருக்கலாம். போனில் கேளுங்கள்: எங்கே, எத்தனை காலம் படித்தீர்கள்? சாப்பாடு சம்பந்தமான நோயோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் சைக்கியாட்ரிஸ்ட்டோடு பேசுவீர்களா? உடல்நிலை மோசமானால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். "மாத்திரை, டயட் எல்லாம் வேண்டாம், இதிலேயே சரியாகிடும்" என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஏற்கெனவே பார்க்கும் சைக்காலஜிஸ்ட்டிடம், "பேச வரலைன்னா வரைஞ்சு காட்டலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முழு ஆர்ட் தெரபி ஆகாது என்றாலும், பழகிய ஆள், பழகிய அறை. சிறு ஊர்களில் பல குடும்பங்களுக்குக் கையில் கிடைக்கும் சிறந்த வழி இதுவாகத்தான் இருக்கும்.

## குழு

ஆறு, எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரைவது. சில மருத்துவமனைகளும் மறுவாழ்வு மையங்களும் நடத்துகின்றன. எங்களுக்கு இதில் நேரடி அனுபவம் இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்த நோய் ஒளிந்து வாழும் நோய். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் உடைவதே பாதி நிம்மதி. ஒருவர் வரைந்த பூட்டிய டிபன் பாக்ஸைப் பார்த்து இன்னொருவர் தலையசைத்தால் போதும், அங்கே ஒரு பேச்சு தொடங்கிவிடும்.

மறுபக்கம், யார் மெலிவு என்ற போட்டியும் அதே மேசையில் நடக்கலாம். சாப்பாட்டை ஒளிக்கும் தந்திரங்கள் கைமாறலாம். எடை, எண், தந்திரம் பேசக்கூடாது என்ற விதியை முதல் நாளே சொல்லி, மீறினால் நிறுத்தும் ஆள் நடத்தினால் மட்டும் சேருங்கள். பல வகை நோயாளிகள் கலந்த பொதுக்குழுவாக இருந்தால் இந்த அபாயம் குறையும். சாப்பாட்டுப் பிரச்சினைக்குக் கிடைக்கும் கவனமும் குறையும். நன்றாகப் பேசுகிற, ஆனால் தனிமையில் வாடுகிறவர்களுக்குக் குழு. பேச்சே வராதவர்களுக்குத் தனி அமர்வுதான் முதலில்.

## ஓவிய வகுப்பு

திருப்பூர் அம்மா கேட்டது இதைத்தான், அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன். நோய் முற்றியிருக்கும் கட்டத்தில் வேண்டாம்.

நாங்கள் செய்த தவறு அது. தனி அமர்வுக்குக் கட்டுப்படியாகாமல் ஒரு ஓவிய வகுப்பில் சேர்த்தோம். மாஸ்டர் நல்ல மனிதர், அருமையான ஓவியர். இரண்டாவது வாரமே தங்கையின் நிழல் தீட்டலைப் பார்த்து அசந்து, மாவட்டப் போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவள் இரவு இரண்டு மணி வரை ஒரே மூக்கைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்தது. "இதை முடிச்சிட்டுச் சாப்பிடுறேன்க்கா" என்பாள். முடியாது. பரிசு வாங்கினாள். அன்று வகுப்புக்கு வந்த ஒரு பெற்றோர், "எவ்வளவு ஸ்லிம்மா அழகா இருக்கா பாருங்க, என்ன டயட்மா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்த வாரம் நாங்கள் மூன்று மாதம் பின்னால் போனோம்.

ஓவிய ஆசிரியருடைய வேலை, கோடு நேராக வருகிறதா என்று பார்ப்பது. கோடு ஏன் நடுங்குகிறது என்று கேட்பது அவர் வேலை இல்லை. அப்படி எதிர்பார்ப்பது அவருக்கும் பாரம்.

ஆனாலும் இந்த வழியை நான் அடித்துவிடவில்லை. தேறி வந்த பிறகு, நோயாளி என்ற அடையாளத்துக்கு வெளியே ஒரு இடம் வேண்டும். மாணவி, பக்கத்து சீட் தோழி, பிரஷ் கடன் கொடுப்பவள் என்று வேறு பெயர்கள் வேண்டும். அப்போது வகுப்பு தருவதை எந்த தெரபி அறையும் தராது. அனோரெக்சியாவில் எடை நிலைத்து, வேளைக்குச் சாப்பாடு பழக்கமாகி, சிகிச்சை தரும் குழுவும் சரி என்ற பிறகு சேருங்கள். "போட்டிக்கு அனுப்ப வேண்டாம், உடம்பைப் பற்றி யாரும் பேச வேண்டாம், ஆறரைக்கு அவள் கிளம்பிவிடுவாள்" என்று மாஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். என் தங்கை மூன்றாவது வருடம் வேறொரு வகுப்பில் சேர்ந்தாள், நீர்வண்ணத்துக்கு. அது அவளுக்கு நன்றாகப் பொருந்தியது.

## வீட்டு நோட்டும் வாசல் கோலமும்

இது மலிவானது, யாருடைய அனுமதியும் தேவைப்படாதது. பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஓரளவுக்கு. 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் இஷ்டம்போல் வரையவும் களிமண் பிசையவும் விட்டார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. முன்அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்ற பேதம் பெரிதாக இல்லை. இவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதை மறக்க வேண்டாம்; இதை வைத்து நோய் தீரும் என்று சொல்ல முடியாது. பதற்றம் தணியும் என்று சொல்லலாம்.

2005இல் 84 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், வெற்றுத்தாளில் இஷ்டம்போல் வண்ணம் தீட்டியவர்களைவிட, வட்டமான மண்டலா வடிவத்திலோ கட்டம்போட்ட வடிவத்திலோ வண்ணம் நிரப்பியவர்களுக்குப் பதற்றம் அதிகம் குறைந்தது. விடுதியிலிருந்து எழுதிய பெண்ணுக்கு இதுதான் பதில்: சாப்பிட்ட பிறகு வரும் அந்த மோசமான ஒரு மணி நேரத்தைக் கடக்கக் கலரிங் புக் நல்ல துணை. வெறும் தாளைவிட மேல்.

அதைப் படித்ததும் எனக்குச் சிக்குக் கோலம்தான் நினைவுக்கு வந்தது. புள்ளி முதலிலேயே இருக்கிறது, கோடு அதைச் சுற்றி ஓடி ஆரம்பித்த இடத்துக்கே வருகிறது, கை வேலையாக இருக்கிறது, மனம் ஒரு இடத்தில் நிற்கிறது. நோட்டில் ஏழு புள்ளிக் கோலம் போடுவது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வழக்கமாகவே ஆனது. வாசலில் போடுவதென்றால் கவனம்: உடம்பு பலவீனமாக இருக்கும்போது வெறும் வயிற்றில் விடியற்காலை குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும். தங்கை ஒரு முறை வாசல்படியிலேயே சரிந்துவிட்டாள். ஏதாவது சாப்பிட்டுவிட்டு, நோட்டில் போடட்டும். அரிசி மாவு, பருப்பு ஒட்டிச் செய்யும் படம், காய்கறி வெட்டி அச்சு வைப்பது, இதுபோல் சாப்பாட்டுப் பொருளை வைத்துச் செய்யும் கலை சிலருக்கு உணவோடு சமாதானம், சிலருக்குக் குமட்டல். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்த வழியின் பெரிய மறைசெலவு வீட்டாரின் ஆர்வம். நோட்டைத் திறந்து பார்ப்பது, படத்துக்கு அர்த்தம் கேட்பது, நன்றாக இருக்கிறது என்று மாமாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது. என் அம்மா ஒரு முறை நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்புல இருக்கிறது நானா?" என்று அழுதார். மறுநாள் நோட்டு குப்பைத்தொட்டியில் கிடந்தது. வீட்டார் திறக்காத நோட்டுதான் வேலை செய்யும்.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதோ சாவோ படத்தில் திரும்பத் திரும்ப வந்தால், பிள்ளையே காட்டினாலும் நீங்களே தற்செயலாகப் பார்க்க நேர்ந்தாலும், ரகசியம் காக்கும் நேரம் இல்லை அது. அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல உதவிக்கு அழைக்க: இந்தியாவில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

## திருப்பூர் அம்மாவுக்கு

உங்கள் பெண்ணுக்கு எடை ஏறத் தொடங்கியிருக்கிறது, பேச்சுதான் வரவில்லை. தனி அமர்வு பலன் தரும் கட்டம் இது. வாரம் ஒரு முறை கட்டுப்படியாகாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆன்லைனில் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். நடுவில் வரும் வாரத்தில் இப்போதைய கவுன்சலர் தொடரட்டும். சைக்கியாட்ரிஸ்ட், டயட்டீஷியன் இருவரையும் விட வேண்டாம். சாப்பாட்டு வேளை தவறாமலிருக்க, அமர்வை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிக்கு வையுங்கள். பக்கத்துத் தெரு டிராயிங் கிளாஸ் ஒரு வருடம் காத்திருக்கலாம், அது எங்கும் போய்விடாது. இப்போதைக்கு ஒரு கட்டம்போட்ட நோட்டும் நாலு கலர் பேனாவும் வாங்கி அவள் மேசையில் வைத்துவிடுங்கள். எதற்கு என்று சொல்ல வேண்டாம். அவள் கேட்டால், "சும்மாதாம்மா" என்று சொல்லுங்கள்.